மலையில வாடகைக்கு இருக்கறதா, வீடு வாங்கறதா? குன்னூர், கோத்தகிரி பக்கம் யோசிக்கறவங்களுக்கு

ரிடையர் ஆகி குவார்ட்டர்ஸ காலி பண்ணப்போறவங்க, வேலை மாத்தலாகி மேல வர்றவங்க, கோயம்புத்தூர் வெயில் தாங்காம மலைக்கே போயிடலாம்னு நெனைக்கறவங்க, எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான். மாசாமாசம் வாடகை கட்டி ஒரு அபார்ட்மெண்ட்ல இருந்துக்கலாமா, இல்ல கையில இருக்கற காசோட பேங்க் லோனும் சேத்து சொந்தமா ஒரு வீடு வாங்கிடலாமா? கீழ சமவெளியில இந்தக் கேள்விக்கு இஎம்ஐ எவ்வளவு, வாடகை எவ்வளவுன்னு பாத்தாலே பாதி பதில் கெடைச்சுடும். மேல அப்படி இல்லீங்க. இங்க வீடு வாங்கறவங்க, அது நிக்கற சரிவையும், அதுக்குப் பின்னாடி வெட்டி விட்ட மண்ணையும், மேல் வீட்டுக்காரரோட செப்டிக் டேங்கையும் சேத்துதான் வாங்கறாங்க.

என் பதில மொதல்லயே சொல்லிடறேன். வெளியூர்ல இருந்து புதுசா வர்றவங்க வாடகைக்குத்தான் வரணும், கொறஞ்சது ஒரு முழு வருஷம், அதாவது ஆடி மழை, ஐப்பசி கார்த்திகை மழை, மார்கழி தை பனி, அப்புறம் ஏப்ரல் மே சீசன், எல்லாத்தையும் அந்த ஊர்லயே இருந்து பாத்துட்டு அதுக்கப்புறம் வாங்கறதப் பத்திப் பேசுங்க. ஹட்டியில, அதாவது படுகர் ஊர்ல, தாத்தா காலத்து நெலம் இருக்கறவங்களுக்கும் இங்கயே பொறந்து வளந்தவங்களுக்கும் கணக்கு வேற, அதுக்குக் கடைசில வர்றேன்.

காசுக் கணக்க மொதல்ல முடிச்சுடலாம், இருக்கறதுலயே லேசானது அதுதான். 50 லட்சத்துக்கு ஒரு சின்ன வீடுன்னு வச்சுக்கங்க, உதாரணத்துக்குத்தான் சொல்றேன், ரேட்டு ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவுலயே மாறும். 30 லட்சம் லோன், 20 லட்சம் கைக்காசு. பத்திரச் செலவு தமிழ்நாட்டுல முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேத்து 9 சதவீதம். 2023 ஏப்ரல்ல பதிவுக் கட்டணத்த 4ல இருந்து 2 ஆக்கினாங்க, அதே கையோட கைட்லைன் மதிப்ப, அதாவது பதிவுக்குன்னு அரசு வைக்கற நெல மதிப்ப, ஏத்திட்டாங்க, அதனால வாங்கறவன் பாக்கெட்டுக்குப் பெருசா வித்தியாசம் தெரியல. 50 லட்சத்துக்கு 4.5 லட்சம் அதுக்கே போகுது, ஆக கையில இருந்து 24.5 லட்சம் எறங்கணும். 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னா இஎம்ஐ 26,000 சொச்சம், மொத மாசம் கட்டற அந்தக் காசுல 21,250 வட்டிக்கே போயிடும். அதே அளவு வீடு வாடகைக்கு 12,000ன்னு வச்சு, வருஷா வருஷம் 5 சதவீதம் ஏறுதுன்னு போட்டாலும் வாடகை இஎம்ஐய எட்டிப்பிடிக்க 17ஆவது வருஷம் ஆகுது. அந்த 24.5 லட்சத்த 6.5 சதவீதத்துக்கு டெபாசிட்ல போட்டா மாசம் 13,000க்கு மேல வட்டி வரும், இன்னைக்கு வாடகை அதுலயே கழிஞ்சுடும்.

இதுல ஓட்டை இருக்குன்னு எனக்கும் தெரியும். டெபாசிட் வட்டிக்கு வரி உண்டு, இருபது வருஷம் கழிச்சு வீடு வாங்கினவன் கையில வீடு இருக்கும், வாடகைக்கு இருந்தவன் கையில ரசீதுதான் இருக்கும். மலையில நெலம் கொஞ்சம்தான், அதனால விலை ஏறும்னு புரோக்கர் சொல்றதும் பொய் இல்ல. ஆனா விக்கணும்னு நெனைக்கறப்ப ஆள் வரணுமில்ல? கீழ ஒரு வீட்ட மூணு மாசத்துல வித்துடலாம், இங்க பேப்பர் கொஞ்சம் இடிச்சாலும் பாக்கறவன் பாத்துட்டு டீ குடிச்சுட்டுப் போயிடுவான், வருஷக்கணக்கா போர்டு தொங்கற வீடுக நம்ம ரோட்டுல எத்தனை இருக்குன்னு போகையில வரையில எண்ணிப்பாருங்க. வரி சலுகை கெடைக்குமேன்னு லோன் போடறவங்க இன்னொண்ணு பாத்துக்கங்க, நாம குடியிருக்கற வீட்டோட லோன் வட்டிக்கு 2 லட்சம் வரைக்கும் கழிக்கறது பழைய வரி முறையிலதான், புது முறைக்கு மாறிட்டவங்களுக்கு அது கெடையாது.

இப்ப சரிவுக்கு வருவோம். நீலகிரியில வீடு பாக்கற யாரும் 2009 நவம்பர மறந்துட்டுப் பாக்கக் கூடாது. ரெண்டு மூணு நாள் விடாம பெஞ்ச மழையில ஊட்டி, குன்னூர், கேத்தி, அச்சனக்கல் பக்கமெல்லாம் மண்ணு சரிஞ்சு 40 பேருக்கு மேல போயிட்டாங்க, ரோடு, ரயில் பாதை எல்லாம் அறுந்துபோச்சு. அதுக்கப்புறம் 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சு. இதுல ஒண்ணு கவனிக்கணும். ஊட்டி, குந்தா, கூடலூர் பக்கம் ஜூன்ல இருந்து வர்ற தென்மேற்கு மழைதான் ஆபத்து, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர்ல வர்ற வடகிழக்கு மழைதான் வேலையக் காட்டும். அதனால கோத்தகிரியில ஜூலை மாசம் வீடு பாத்துட்டு ஒண்ணுமே ஒழுகல, சுவர் காஞ்சு கெடக்குதுன்னு சந்தோசப்படறதுல அர்த்தமே இல்ல. மாவட்டத்துல மழைக்கு அபாயமான இடம்னு 283 இடத்த நிர்வாகமே பட்டியல் போட்டு வச்சு ஒவ்வொரு பருவத்துக்கும் ஆள் நிறுத்தறாங்க, நீங்க பாக்கற வீடு அந்தப் பட்டியல்ல இருக்கற இடத்துக்குப் பக்கமான்னு தாலுகா ஆபீஸ்லயோ விஏஓ கிட்டயோ கேட்டுடுங்க, கேக்கறதுக்குக் காசு இல்ல.

எந்த வீடா இருந்தாலும் அது ரோட்டுக்கு மேலயா கீழயான்னு மொதல்ல பாருங்க. மேல இருந்தா வீட்டுக்கு முன்னாடி இருக்கற தடுப்புச்சுவர் உங்க பொறுப்பு, அது சரிஞ்சா ரோட்டுல போறவன் தலையில விழும். கீழ இருந்தா ரோட்டுத் தண்ணி மொத்தமும் உங்க வாசலுக்குத்தான் வரும், காரை ரோட்டுல விட்டுட்டு சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் படியில தூக்கிட்டு எறங்கணும். மழையில ஊறின மண்ணு ஈரச் சாக்கு மூட்டை கணக்கா கனத்துடும், அந்தத் தண்ணி வெளிய வடிய சுவர்ல ஓட்டை விட்டிருக்கானான்னு பாருங்க, ஓட்டையே இல்லாம பூசி பெயிண்ட் அடிச்சு அழகா நிக்கற சுவரத்தான் நான் நம்ப மாட்டேன். அப்புறம் வீடு நிக்கறது வெட்டுன நெலத்துலயா, மண்ணு கொட்டி நெரப்புன நெலத்துலயான்னு பக்கத்து வீட்டு வயசானவங்க யார்கிட்டயாவது கேளுங்க, புரோக்கர் கிட்ட கேக்காதீங்க.

வாடகைக்கு இருக்கறவனுக்கு இதெல்லாம் பயம் மட்டும்தான், செலவு இல்ல. சுவர்ல விரிசல் வந்தா அட்வான்ஸ திருப்பி வாங்கிட்டு வேற வீட்டுக்குப் போயிடலாம். சொந்த வீட்டுக்காரன் சுவரத் திரும்பக் கட்டணும், அதுக்கு இங்க பெர்மிஷன் இல்லாம ஜேசிபி எறக்க முடியாது, மண்ணெல்லாம் ஆளு வச்சு வெட்டி ஆளு வச்சுத்தான் தூக்கணும், செங்கல், சிமெண்ட், மணல் எல்லாம் மேட்டுப்பாளையத்துல இருந்து லாரி ஏறி வரணும், ரோட்டுல எறக்கினதுக்கப்புறம் தலைச்சுமை கூலி தனி. வீட்டு மேல சாயற மாதிரி ஒரு சில்வர் ஓக் நின்னாலும் நம்ம இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, மலைப்பகுதி மரங்களுக்குன்னு 1955லயே சட்டம் போட்டு வச்சிருக்காங்க, மனு குடுத்து காத்திருக்கணும்.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு சிலர் சொல்வாங்க. இருக்கு, நல்ல விஷயம்தான். 2021 ஏப்ரல்ல இருந்து எல்லா கம்பெனியும் குடுக்கணும்னு வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில மண்சரிவு சேத்திதான், வாடகைக்கு இருக்கறவங்க சாமானுக்கு மட்டும்கூட எடுக்கலாம். ஆனா மண்ணு நெரப்புன நெலம் தன்னால எறங்கறது, புதுக் கட்டடம் செட் ஆகறப்ப வர்ற விரிசல், தப்பா டிசைன் பண்ணதுல வர்ற சேதம், இதெல்லாம் அதுல வராது. மலையில பாதி விரிசலுக்குக் காரணமே அதுங்கதான்.

வெயில்! சமவெளிக்காரங்க வீடு பாக்க வந்தா வெயில் படாத எடமா தேடுவாங்க, பழக்கதோஷம். இங்க வெயில் விழற வீடுதான் வீடு. டிசம்பர், ஜனவரியில சூரியன் தெக்கால சாஞ்சு போறப்ப வடக்கு பாத்த சரிவுல இருக்கற வீட்டுக்கு வெளிச்சம் எட்டிப் பாத்துட்டுப் போயிடும், அப்புறம் பீரோவுல இருக்கற பட்டுப்புடவையில இருந்து லெதர் பெல்ட் வரைக்கும் பூஞ்சை புடிச்சுடும், துணி மூணு நாளானாலும் காயாது, மூட்டுவலி இருக்கறவங்க பாடு சொல்லவே வேணாம். புதுசா பெயிண்ட் அடிச்ச வாசனையோட வீட்டக் காட்டினா அலமாரிக்குப் பின்னாடி கைய விட்டு சுவரத் தொட்டுப் பாருங்க. வாடகை வீட்டுல இது ஒரு வருஷத்துப் பாடு, சொந்த வீட்டுல ஆயுசுக்கும்.

தண்ணி விஷயம் வாடகைக்கும் சொந்தத்துக்கும் பொது. மழை இவ்வளவு பெய்யற ஊர்ல தண்ணிக்கு என்ன கொறைச்சல்னு கேப்பாங்க, குன்னூர்ல ஒரு ஏப்ரல் இருந்து பாத்தா கேக்க மாட்டாங்க. வெள்ளைக்காரன் காலத்துல கட்டுன ரேலியா டேம வச்சே பல வருஷம் ஊர் ஓடுச்சு, அப்புறம் எமரால்டு குடிநீர்த் திட்டம் வந்தும் கோடையில லாரித் தண்ணி வாங்கற தெருக இருக்கத்தான் செய்யுது. கோத்தகிரிக்கு அளக்கரையில இருந்து தண்ணி. எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி விடறாங்க, தொட்டி எத்தனை லிட்டர், பக்கத்துல ஊத்து இருந்தா அதுல யாருக்கெல்லாம் பாத்தியம், இத கேட்டு எழுதி வச்சுக்கங்க. வாடகை வீட்டுல தண்ணி இல்லாட்டி ஓனர் கூட சண்டை, சொந்த வீட்டுல தண்ணி இல்லாட்டி தெருவோடயே சண்டை.

இனி பேப்பர். மலையில வீடு வாங்கி மாட்டிக்கிட்டவங்கள்ல பாதிப்பேர் மழையில மாட்டல, பத்திரத்துல மாட்டினாங்க. 1993ல வந்த மலைப்பகுதி கட்டட விதிப்படி இங்க 7 மீட்டர் உயரத்துக்கு மேல கட்டக் கூடாது, அதனாலதான் நம்மூர் அபார்ட்மெண்ட்னா தரைத்தளமும் மேல ஒண்ணும். அதையும் மீறி சரிவுல கீழ் பக்கமா ஒரு தளத்த ஒளிச்சு வச்சுக் கட்டறது, வீட்டுக்குன்னு பிளான் வாங்கிட்டு காட்டேஜா மாத்தறது, இதெல்லாம் நடக்குது, ஒருநாள் வந்து சீல் வச்சுட்டுப் போவாங்க. கொடைக்கானல்ல 2019ல ஐகோர்ட் உத்தரவால கட்டடங்களுக்கு வரிசையா பூட்டுப் போட்டாங்களே, அது பேப்பர்ல படிச்சதோட முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க, சட்டம் இங்கயும் அதுதான். அப்ரூவல் பிளான் இல்லாட்டி பேங்க் லோனும் குடுக்காது, கைக்காசு போட்டு வாங்குங்க, சல்லிசா வருதுன்னு சொன்னா அதுலயே புரிஞ்சுக்கணும்.

கூடலூர், பந்தலூர் பக்கம்னா ஒண்ணுக்கு நாலு தடவ யோசிங்க. அங்க பழைய ஜமீன் மாதிரியான நெல உரிமைய ஒழிச்ச 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்துல செக்‌ஷன் 17 நெலம்னு ஒண்ணு இருக்கு, யாருக்கு உரிமைன்னு இன்னும் தீரல, தலைமுறையா குடியிருக்கறவங்களே பட்டா, கரண்ட் கனெக்‌ஷனுக்கு அலையறாங்க, இதுல நாம புதுசா போயி வெறும் அனுபவப் பாத்தியத்துக்குக் காசு குடுக்கறதா? மசினகுடி, மாவனல்லா, பொக்காபுரம் பக்கம் யானை வழித்தடம், 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டே அத உறுதி பண்ணிடுச்சு. குன்னூர், கோத்தகிரியில இந்தத் தலைவலி இல்ல, இங்க கூட்டுப் பட்டா, விக்கறதுக்குக் கட்டுப்பாடு போட்டு அரசு குடுத்த கண்டிஷன் பட்டா, வனத்தையோ புறம்போக்கையோ ஒட்டின எல்லை, இதுங்கதான். ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, முப்பது வருஷத்துக்குப் போட்டு, மூலப் பத்திரத்தோட வச்சு ஒரு வக்கீல்கிட்ட காட்டாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. கூட்டுப் பட்டாவுல ஒரு அத்தை கையெழுத்துப் போடலன்னா வீடு உங்க பேர்ல இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இவ்வளவு சொன்னதால வாடகை சொர்க்கம்னு நெனைச்சுடாதீங்க. மலையில வாடகைக்கு இருக்கறவங்களோட பெரிய எதிரி சீசன்தான். டூரிஸ்ட்டுக்கு ஒருநாள் விட்டா கெடைக்கற காசு, குடும்பத்துக்கு விட்டா பத்து நாளைக்குக் கூட வராதுன்னு ஓனருக்குத் தோண ஆரம்பிச்சா, பிப்ரவரியில வந்து பையன் வர்றான், ரிப்பேர் பண்ணணும்னு எதையாவது சொல்லி காலி பண்ணச் சொல்வாங்க. நல்ல வீடுகள்ல பாதி காட்டேஜ் ஆயிடுச்சு, மிச்சம் இருக்கறதுக்குத்தான் டீச்சர், பேங்க்காரங்க, நர்ஸு எல்லாரும் போட்டி. 2024 மே 7ல இருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததும் காட்டேஜ் மோகம் கொறையும்னு சிலர் எதிர்பாத்தாங்க, எனக்கு அப்படி ஒண்ணும் கண்ணுல படல. இதுக்கு ஒரே வழி அக்ரிமெண்ட்தான். 2019 பிப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கற வாடகைச் சட்டப்படி அக்ரிமெண்ட எழுதி வாடகை அதிகாரி கிட்ட பதியணும், அக்ரிமெண்ட்ல வேற மாதிரி ஒத்துக்கிட்டா ஒழிய, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாது. கேக்கறாங்களா, கேக்கறாங்க, அது வேற. பதினோரு மாசம்னு எழுதறப்ப அது எந்த மாசத்துல முடியுதுன்னு பாருங்க, மார்ச்சுல முடியற மாதிரி எழுதினா நீங்களே ஓனருக்கு வழி காட்டின மாதிரி ஆயிடும், ஆகஸ்ட், செப்டம்பர்ல முடியட்டும். கரண்ட்டுக்குத் தனி மீட்டரா சப்-மீட்டரான்னும் கேளுங்க, கீசரும் ஹீட்டரும் ஓடற ஊரு, சப்-மீட்டர்ல யூனிட்டுக்கு ஓனர் சொல்றதுதான் ரேட்டு.

அபார்ட்மெண்ட்ல வாடகைக்கு இருக்கறது நல்லதுதான், தனி வீட்ட விட குளிர் கொஞ்சம் கம்மி, கரடி, காட்டுமாடு வாசலுக்கு வர்ற பயமும் கம்மி. அதே அபார்ட்மெண்ட்ட விலைக்கு வாங்கறதத்தான் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முக்கால்வாசி பிளாட்டு சென்னை, பெங்களூர்க்காரங்களோடது, வருஷத்துக்கு ஒரு வாரம் வருவாங்க, மெயின்டனன்ஸ் காசு கேட்டா போன் எடுக்க மாட்டாங்க, பின்னாடி தடுப்புச்சுவர் சரிஞ்சா அங்கயே குடியிருக்கற ரெண்டு மூணு குடும்பம்தான் ஓடணும். பிரிக்கப்படாத பாகம்னு பத்திரத்துல இருக்கற நெலமும் பாதி சரிவுலதான் கெடக்கும், நாளைக்கு இடிச்சுக் கட்டலாம்னாலும் 7 மீட்டருக்கு மேல போக முடியாது, அப்ப கீழ மாதிரி பில்டர் வந்து ரெண்டு பங்கு குடுப்பான்னு எதிர்பாக்க எடமே இல்ல.

நடுவுல ஒரு வழி இருக்கு, நம்ம பக்கம் ரொம்ப நாளா நடக்கறது, போக்கியம். இப்ப லீசுன்னே சொல்றாங்க. ஒரு 6 லட்சம் குடுத்து மூணு வருஷம் வாடகை இல்லாம இருந்துட்டு காலி பண்றப்ப முழுசா வாங்கிக்கறது. அந்த 6 லட்சத்த 6.5 சதவீதத்துக்குப் போட்டா மாசம் 3,250 வந்திருக்கும், அவ்வளவுதான் உங்க வாடகைன்னு ஆகுது. ரிடையர்மெண்ட் காசோட வர்றவங்களுக்கு இத விட நல்லது எதுவும் எனக்குத் தெரியல, ஒரே ஒரு பயம், குடுத்த காசு திரும்பி வருமா. ஓனர் அந்தக் காச பொண்ணு கல்யாணத்துக்கோ டீ ஃபேக்டரி கடனுக்கோ போட்டிருப்பார், அடுத்த ஆள் லீசுக்கு வந்தாத்தான் உங்களுக்குக் குடுப்பார். வெறும் முத்திரைத்தாள்ல எழுதி வாங்கறத விட்டுட்டு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிஞ்சுடுங்க, செலவானா ஆகட்டும், அப்பத்தான் அது ஈசியில ஏறும். அதுக்கு முன்னாடி அதே ஈசியில அந்த வீட்டு மேல ஏற்கனவே பேங்க் அடமானம் இருக்கான்னு பாருங்க, இருந்தா அவங்களுக்குத்தான் முதல் உரிமை, நீங்க பின்னாடிதான் நிக்கணும்.

சரி, யார்தான் வாங்கலாம்? ஹட்டியில குடும்ப நெலம் இருக்கறவங்க கட்டலாம், வாங்கற செலவு இல்ல, அந்த நெலம் எந்த மழைக்கு எப்படி நடந்துக்கும்னு வீட்டுப் பெரியவங்களுக்கே தெரியும், ஆனா அண்ணன் தம்பி உக்காந்து தனிப்பட்டா பிரிச்சுக்கிட்டு அப்புறம் அஸ்திவாரம் போடுங்க, சின்னதா போடுங்க. பசங்க ஸ்கூலு, வேலை எல்லாம் இங்கயேன்னு வருஷம் பூரா குடியிருக்கறவங்க வாங்கலாம், பேப்பர் சுத்தமா, ரோட்டுப் பக்கமா, வெயில் விழற எடமா கெடச்சா 50 கேக்கற எடத்துல 52 குடுத்தாலும் தப்பில்ல. மாசத்துல ரெண்டு நாள் வந்து போகலாம்னு நெனைக்கறவங்க வாங்கவே வாங்காதீங்க, பூட்டிக் கெடக்கற வீடு இந்த ஈரத்துல ஆறே மாசத்துல கெட்டுப்போயிடும், அந்த ரெண்டு நாளைக்கு லாட்ஜ் வாடகை எவ்வளவுன்னு பாத்துக்கங்க. அறுபது தாண்டினவங்க எதுவா இருந்தாலும் படிய எண்ணிட்டு முடிவு பண்ணுங்க, ரோட்டுல இருந்து வாசலுக்கு முப்பது படிக்கு மேல இருந்தா வாடகைக்கும் வேண்டாம், சொந்தத்துக்கும் வேண்டாம்.

வீடு பாக்கப் போறதா இருந்தா குன்னூர், கோத்தகிரிக்கு நவம்பர்ல, ஊட்டிக்கு ஜூலைல, மழை பெய்யற அன்னைக்கே போங்க, புரோக்கர் நாளைக்கு வாங்கன்னு சொன்னாலும் அன்னைக்கே போங்க.